புல் ஏன் காய்ந்தது? வளாகத்துப் புல்தரையில் ஒரு நோயறிதல் பாடம்

பயிர் நோய்கள் பற்றிய பாடம் எந்த வகுப்பில் வந்தாலும் அதில் ஓர் அட்டவணை இருக்கும். நோயின் பெயர், காரணி, அறிகுறி, கட்டுப்படுத்தும் முறை என நான்கு பத்திகள். மாணவர்கள் அதை இடமிருந்து வலமாகப் படித்து, தேர்விலும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். வயலில் நிற்கும் விவசாயிக்கு முதல் பத்தியும் தெரியாது, இரண்டாம் பத்தியும் தெரியாது. மூன்றாவது மட்டும் கண்முன் இருக்கிறது. அங்கிருந்து பின்னோக்கிப் போய்க் காரணியைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் அதற்குப் பொறுமையில்லாமல் நேராக நான்காம் பத்திக்குத் தாவி, மருந்துக்கடைக்குப் போய்விடுகிறோம்.

இந்தப் பின்னோக்கிய வழியைக் கற்பிக்க வயல் தேவையில்லை, பள்ளி வளாகத்தில் நாலு பாய் அகலத்துக்குப் புல் இருந்தாலே போதும். விருத்தாசலத்தில் எங்கள் பள்ளிக் கொடிக்கம்பத்தின் முன் 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட அருகம்புல் தரை இருக்கிறது. கடந்த செப்டம்பரில் அது ஆங்காங்கே காயத் தொடங்கியபோது, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 32 பேரும் நானும் மூன்று வாரம் அதை ஆராய்ந்தோம். என்ன செய்தோம், எது பலன் தந்தது என்பதைப் பிற ஆசிரியர்களும் செய்துபார்க்கும் வகையில் இங்கே சொல்கிறேன்.

புல் காய்ந்ததும் மூன்று கருத்துகள் உடனே கிளம்பின. ‘சூளைப் புகைதான் சார்’ என்றது ஒரு கூட்டம். எங்கள் ஊரில் அகல் விளக்கும், பொம்மையும், மின்சார ஃபியூஸ் கட்டைகளும் செய்யும் பீங்கான் பட்டறைகள் நிறைய. எதற்கும் முதலில் சூளையைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதே வகுப்பில் பட்டறைக்கு வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் முகம் மாறியதைக் கவனித்தேன். இரண்டாவது கருத்து, பூஞ்சை. ஒரு பெற்றோர், மல்லாட்டைக்கு வாங்கியதில் மீதமிருக்கும் மருந்தை அடித்துத் தருவதாக நல்லெண்ணத்துடன் முன்வந்தார். மூன்றாவது, தண்ணீர் பற்றாக்குறை. எந்தக் கருத்தை ஏற்பது என்பது இங்கே வெறும் பாடக் கேள்வி அல்ல. முதலாவதை ஏற்றால் வகுப்பில் பாதிப் பேர் தலைகுனிய வேண்டும். இரண்டாவதை ஏற்றால் பிள்ளைகள் மதிய உணவுக்கு உட்காரும் தரையில் பூச்சிமருந்து விழும்.

உடைந்த அகல் சொன்ன பாடம்

‘நோய்’, ‘பாதிப்பு’ என்ற இரு சொற்களைப் பிரித்துக் காட்டுவதில்தான் வேலை தொடங்கியது. பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ் போன்ற ஓர் உயிர் செடிக்குள் புகுந்து பெருகினால் அது தொற்றுநோய். மிதிபடுதல், நிழல், உப்பு, சத்துக்குறை, பூச்சிக்கடி ஆகியவையும் செடியை மஞ்சளாக்கும், காயவைக்கும். ஆனால் அவற்றுக்குப் பூஞ்சைக்கொல்லி ஒன்றும் செய்யாது. அறிகுறி ஒன்றாகவே இருக்கும், காரணம் வேறாக இருக்கும். இதைச் சொல்லி முடித்தும் வகுப்பு அசையவில்லை. மறுநாள் ஒரு மாணவி, பட்டறையில் வேலை செய்யும் தன் அம்மாவிடம் கேட்டு, விரிசல் விட்ட இரண்டு அகல்களைக் கொண்டுவந்தாள். அதன் பிறகுதான் வகுப்புக்கு விளங்கியது.

இரண்டிலும் ஒரே மாதிரி விரிசல். முதல் அகலில் விரிசலின் ஓரங்கள் உருண்டு வழவழப்பாக இருந்தன, கிளேஸ் உருகி உள்ளே வழிந்திருந்தது. அப்படியானால் கிளேஸ் உருகுவதற்கு முன்பே விரிசல் இருந்திருக்கிறது. களிமண் காயும்போதோ சூடேறும்போதோ வந்தது அது. இரண்டாவதில் ஓரம் கத்தி போலக் கூராக இருந்தது. கிளேஸ் இறுகிய பின், சூளை ஆறும்போது வெடித்தது அது. முதலாவதற்கு நிழலில் மெல்லக் காயவைக்க வேண்டும், இரண்டாவதற்குச் சூளையை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. ஓரத்தைப் பார்க்காமல் ‘விரிசல்’ என்று மட்டும் எழுதி வைத்தால் இரண்டுமே திருந்தாது. பட்டறையில் தினமும் நடக்கும் இந்த ஆராய்ச்சியை நாம் நோயறிதல் என்று அழைப்பதில்லை, அவ்வளவுதான். சற்று முன் முகம் வாடிய பிள்ளைகள் அன்று வகுப்புக்கு ஆசிரியர்களானார்கள்.

பார்ப்பதற்கு முன் எழுதுதல்

புல்லின் அருகே போவதற்கு முன் கரும்பலகையில் மூன்று பத்திகள் போட்டோம். முதலில், எதைச் சந்தேகிக்கிறோம். அடுத்தது, அது உண்மையானால் எதைக் காண வேண்டும். கடைசியில், எதைக் கண்டால் அந்தச் சந்தேகத்தைக் கைவிடுவோம். மூன்றாம் பத்தியை நிரப்பத்தான் நேரம் பிடித்தது. தன் கருத்து எப்போது தோற்கும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது பெரியவர்களுக்கே கசக்கும்.

சூளைப் புகையையே எடுத்துக்கொள்வோம். அதைச் சிரித்து ஒதுக்க முடியாது. களிமண்ணைச் சுடும்போது அதிலுள்ள ஃபுளோரின் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வாயுவாக வெளியேறும், எரிபொருளிலிருந்து கந்தக டை ஆக்சைடு வரும். வட இந்திய மாந்தோப்புகளில் காயின் நுனி கறுத்துப்போகும் ‘கருநுனி’ பாதிப்பு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. செங்கல் சூளைகளுக்கு அருகில் உள்ள தோப்புகளில் அது மிகுந்தும், விலகிப் போகப் போகக் குறைந்தும் காணப்பட்டதால்தான் பழி கிருமியிடமிருந்து புகைக்கு மாறியது. ஆக, வாயுவால் வரும் பாதிப்புக்கு ஒரு முகவரி உண்டு. காற்று வரும் பக்கம் அதிகமாகவும் எதிர்ப்பக்கம் குறைவாகவும் இருக்கும். ஒரே ஒரு வகைச் செடியோடு நிற்காது. இலை நுனியிலும் ஓரத்திலும் தீய்ந்தது போலத் தொடங்கும். இப்படி எழுதிவைத்துவிட்டு, வளாகத்தில் உள்ள மா, செம்பருத்தி, வேம்பு என எல்லா மரஞ்செடிகளின் இலைகளையும் பார்த்தோம். நுனி எங்கும் தீயவில்லை. புல்தரையிலும் காய்ந்த திட்டும் பச்சைத் திட்டும் ஒரு சாண் இடைவெளியில் அருகருகே இருந்தன. காற்று ஒரு சாணுக்கு ஒருமுறை மாறி வீசாது. இந்தப் புல்லைப் பொறுத்தவரை சூளைப் புகையைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். எல்லா இடத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் சேர்த்து நீக்கவில்லை என்பதையும் மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதினார்கள்.

வரைபடம்

சணல் கயிறு கட்டித் தரையை ஒரு மீட்டர் சதுரங்களாகப் பிரித்தோம். 96 சதுரங்கள், 16 இணைகள், இணைக்கு ஆறு சதுரங்கள். பச்சை, மஞ்சள், பழுப்பு என மூன்று நிறங்களில் வரைபடத்தாளில் தீட்டியதும், நின்று பார்த்தபோது தெரியாத வடிவங்கள் தாளில் தெரிந்தன. இந்த ஒரு செயல்பாட்டை மட்டும் செய்தாலும் போதும் என்று சொல்லுவேன். நேர்கோடும் கூர்மையான மூலையும் வந்தால் மனிதரையோ கருவியையோ சந்தேகிக்க வேண்டும். பூஞ்சைக்கும் புழுவுக்கும் அளவுகோல் தெரியாது.

நுழைவாயிலிலிருந்து தண்ணீர்த் தொட்டி நோக்கி ஒரு பழுப்புப் பட்டை குறுக்கே ஓடியது. 15 செ.மீ. நீளக் கம்பியை ஒரே மாணவன் ஒரே அழுத்தத்தில் குத்திப் பார்த்தான். பச்சைப் பகுதியில் 9 செ.மீ. வரை இறங்கிய கம்பி பட்டையில் 2 செ.மீ.க்கு மேல் போகவில்லை. தினமும் குறுக்குவழியில் ஓடும் கால்களால் மண் இறுகியிருக்கிறது. இறுகிய மண்ணில் காற்றிடைவெளி குறைந்து வேர் மூச்சுத் திணறும், பெய்த மழையும் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். ‘தண்ணீர் பற்றாக்குறை’ என்ற கருத்து இங்கே பாதி உண்மை. தண்ணீர் இருந்தது, வேருக்குப் போகவில்லை.

சுற்றுச்சுவர் ஓரமாகச் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஏழு வட்டங்கள். நடுவில் வைக்கோல் நிறம், சுற்றிலும் மற்ற புல்லைவிடக் கரும்பச்சையான வளையம். பூஞ்சையும் வட்டமாகப் பரவும் என்பதால் இதைக் கண்டதும் பலர் கைதட்டினார்கள். நாய் வளர்க்கும் இரண்டு பிள்ளைகள் மட்டும் சிரித்தார்கள். நாயின் சிறுநீரில் யூரியாவும் உப்பும் செறிவாக இருக்கும். நடுவில் செறிவு மிகுந்து புல் கருகுகிறது, ஓரத்தில் நீர்த்துப்போய் அதுவே உரமாகிறது. இதை நம்பவைக்க ஒரு சோதனை செய்தோம். 5 கிராம் யூரியாவை அரை லிட்டர் நீரில் கரைத்துத் தட்டளவு இடத்தில் ஊற்றினோம். இன்னொரு 5 கிராமைப் பத்து லிட்டரில் கரைத்து ஒரு சதுர மீட்டர் முழுக்கத் தெளித்தோம். முதலாவது கருகியது, இரண்டாவது செழித்தது. மருந்தும் நஞ்சும் அளவைப் பொறுத்தவை என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு விரைவாகக் காட்டியதில்லை.

வேப்பமரத்தடியில் புல் காயவில்லை, மெலிந்து நீண்டு இடைவெளிவிட்டு நின்றது. ஒவ்வொரு பாடவேளையிலும் நிழலைக் குறித்ததில் அங்கே வெயில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. அருகு வெயிலில் வாழும் புல். மணமக்களை வாழ்த்தும்போது அதைச் சொல்கிற அளவுக்கு வேரோடிப் பரவும் செடிக்கும் நிழல் மட்டும் ஆகாது. அங்கே உரமிட்டுப் பயனில்லை, வேறு செடி வைக்கலாம்.

பாய் போலச் சுருண்ட புல்

தென்மேற்கு மூலையில் மூன்று மீட்டர் அளவுக்கு ஒழுங்கற்ற பழுப்புத் திட்டு ஒன்று. கைப்பிடியாகப் பிடித்து இழுத்தபோது பாய் போலச் சுருண்டு வந்தது, அடியில் வேரே இல்லை. இந்த இழுவைச் சோதனை எளிது, ஆனால் நிறையச் சொல்லும். நோயாலோ வறட்சியாலோ காய்ந்த புல்லை இழுத்தால் பெரும்பாலும் தண்டு அறுந்து கையோடு வரும், வேர் மண்ணைப் பிடித்தபடி இருக்கும். வேர் தின்னப்பட்டிருந்தால் தரையே பெயர்ந்து வரும்.

ஓரடிச் சதுரத்தில் மூன்று பக்கம் வெட்டி மண்ணோடு புரட்டினோம். ஆங்கில ‘சி’ எழுத்துப் போல வளைந்த, பழுப்புத் தலையுள்ள வெள்ளைப் புழுக்கள் பதினொன்று. மல்லாட்டை விளைவிக்கும் வீட்டுப் பிள்ளைகள் பார்த்தவுடன் ‘வேர்ப்புழு’ என்றார்கள். ஒரு வாரமாக மைனாக்கள் அந்த மூலையை மட்டுமே கொத்திக்கொண்டிருந்ததை அவர்களில் ஒருவன் அப்போதுதான் சொன்னான். பறவைக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை.

புழு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் விடை வளாகத்திலேயே இருந்தது. இந்தப் புழுக்களின் தாய்வண்டுகள் கோடைமழைக்குப் பின் அந்தியில் மண்ணிலிருந்து வெளிவந்து, வேப்பமரம் போன்றவற்றின் இலைகளை இரவில் தின்னும், பிறகு மண்ணில் முட்டையிடும். கோடைமழை பெய்த இரவுகளில் கிளையை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த நீரில் போடுவதே வேளாண்துறையினர் பரிந்துரைக்கும் எளிய வழி. செப்டம்பரில் அடிக்கும் பூஞ்சைக்கொல்லி இந்தப் புழுவை எட்டிக்கூடப் பார்க்காது. இலை தின்னும் படைப்புழுவைச் சந்தேகித்தால் வேறொரு சோதனை உண்டு. நான்கு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்ற வேண்டும். பத்து நிமிடத்தில் புழுக்கள் மேலே ஏறிவரும். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. ‘ஒன்றும் இல்லை’ என்பதையும் தேதியிட்டு எழுதச் சொன்னேன்.

பூஞ்சையைக் கண்டோம், ஆனால்

பூஞ்சைக் கட்சிக்காரர்கள் விடுவதாக இல்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. அருகம்புல்லுக்கு உண்மையான நோய்கள் உண்டு. வெள்ளைக் கைக்குட்டையால் இலையைத் துடைத்தால் செம்மஞ்சள் தூள் ஒட்டினால் அது துரு நோய். விரல் போன்ற பூங்கதிர்கள் கரித்தூளாக மாறியிருந்தால் கரிப்பூட்டை. சில பூஞ்சைகள் விடியற்காலையில் பனி ஈரத்தோடு சிலந்திவலை போல இலைமேல் தெரியும், வெயில் ஏறியதும் மறையும். எனவே காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன் போய்ப் பார்ப்பது நல்லது. இலை முழுக்க வெளுத்துக் குட்டையாகப் புதர்போல் வளரும் அருகும் இருக்கிறது. அதைச் சிறப்பான ‘வெள்ளை அருகு’ என்று பிள்ளையாருக்குப் பறித்து வந்த மாணவியும் உண்டு. பைட்டோபிளாஸ்மா என்ற, செல்சுவர் இல்லாத நுண்ணுயிரால் வரும் நோய் அது. இத்தகைய நோய்களை 1967இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் காணும்வரை உலகமே வைரஸ் நோய் என்றுதான் எண்ணியிருந்தது.

எங்கள் தரையில் சில சதுரங்களில் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. ஈரத்தாள் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் அந்த இலைகளை இரண்டு நாள் மூடி வைத்து, பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தபோது குறுக்குச் சுவர்களுடன் கூடிய நீண்ட வித்துகள் தெரிந்தன. வகுப்பில் ஆரவாரம். அடங்கியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பச்சைச் சதுரத்து இலைகளையும் இப்படி வைத்தோமா? வைத்தோம். அவற்றிலும் அதே புள்ளிகள், அதே வித்துகள். காய்ந்த சதுரங்களில் அதிகமாகவும் பச்சைச் சதுரங்களில் குறைவாகவும் இருந்திருந்தால் கதை வேறு. இங்கே இரண்டிலும் ஒரே அளவு. பூஞ்சை இருக்கிறது என்பது உண்மை, புல் காய்ந்ததற்கு அதுதான் காரணம் என்பது நிறுவப்படவில்லை. செத்த இலையில் குடியேறி வாழும் பூஞ்சைகளும் ஏராளம். பிணத்தருகே நிற்பவரெல்லாம் கொலையாளி அல்ல. ராபர்ட் காக் வகுத்த விதிகளை இங்கே நுழைத்தேன். நோயுற்ற எல்லாவற்றிலும் அந்தக் கிருமி இருக்க வேண்டும், அதைத் தனியே வளர்க்க முடிய வேண்டும், நலமான உயிரில் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும், அதிலிருந்து அதே கிருமி மீண்டும் கிடைக்க வேண்டும். மேல்வகுப்பில் வெறும் பட்டியலாக வரும் இவ்விதிகள், அன்று பிள்ளைகளின் வாதத்தில் ஆயுதங்களாகின.

இதே தடுமாற்றம் பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் தராய்ப் பகுதியில் நெற்பயிர் துருநிறமாகிக் குட்டையாகிப் பட்டுப்போகும் ‘கைரா’ என்றொரு நோய் இருந்தது. பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒய். எல். நேனே, அதற்குக் காரணம் கிருமி அல்ல, மண்ணில் துத்தநாகக் குறைவு என்று 1966இல் காட்டினார். சுண்ணாம்புடன் துத்தநாக சல்பேட் தெளித்ததும் பயிர் தேறியது. பெயர் இன்றும் ‘கைரா நோய்’தான், ஆனால் மருந்து நுண்ணூட்டம். எங்கள் வட்டாரத்து முந்திரியில் துளிரும் பூங்கொத்தும் கருகுவதையும் பார்த்தவுடன் பூஞ்சை என்றே சொல்லத் தோன்றும். தேயிலைக் கொசு என்ற பூச்சி சாறு உறிஞ்சியதால் வரும் கருகல் அதில் எவ்வளவு என்று, முந்திரித் தோப்பு உள்ள வீடுகளில் கேட்டு வரச் சொன்னேன். இது நல்ல வீட்டுப்பாடம். விடையோடு சில சமயம் முந்திரிக்கொட்டையும் வரும்.

பள்ளியில் முடியாதது

எல்லாவற்றையும் நாமே கண்டுபிடித்துவிட முடியாது. மாதிரியை முறையாக எடுப்பதும் பாடத்தின் பகுதிதான். முழுக்கச் செத்த புல்லைக் கொண்டுபோனால் எந்த வல்லுநராலும் ஒன்றும் சொல்ல முடியாது. நலமான புல்லும் பாதித்த புல்லும் சந்திக்கும் எல்லையில், இரண்டும் வரும்படி, வேரோடும் மண்ணோடும் வெட்டி எடுத்து, செய்தித்தாளில் சுற்ற வேண்டும். ஈரமாகப் பாலித்தீன் பையில் அடைத்தால் போய்ச் சேருவதற்குள் வேறு பூஞ்சைகள் வளர்ந்துவிடும். கூடவே சதுர வரைபடமும், எப்போது தொடங்கியது, எப்படித் தண்ணீர் விடுகிறோம், கடைசியாக என்ன போட்டோம் என்ற குறிப்பும் தேவை. எங்கள் ஊரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருப்பது வசதி. பிற மாவட்டங்களில் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

பாதுகாப்பு பற்றி ஒரு சொல். மண்ணைத் தோண்டிய பின் சோப்பு போட்டுக் கை கழுவுதல் கட்டாயம். வெட்டும் வேலையை ஆசிரியரோ தோட்டப் பணியாளரோ செய்ய வேண்டும். பூச்சிமருந்தை எந்த நிலையிலும் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. எங்கள் தரையில் அதற்குத் தேவையே எழவில்லை, மருந்து தர முன்வந்த பெற்றோரிடம் மாணவர்களே வரைபடத்தைக் காட்டி விளக்கினார்கள். அவர் தன் வயலிலும் ஓரடிச் சதுரம் வெட்டிப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.

குறுக்குவழியில் இப்போது செங்கல் பதித்த நடைபாதை வந்துவிட்டது. இறுகிய மண்ணைக் கடப்பாரையால் குத்தி மணலும் மக்கிய எருவும் இட்டோம். மூலையில் புழுக்களைப் பொறுக்கி எடுத்த பின், பக்கத்திலிருந்த ஓடுதண்டுகளே வந்து மூடிக்கொண்டிருக்கின்றன.

தண்ணீர்க் குழாயடியில் உள்ள நான்கு சதுரங்கள் மட்டும் பிடிபடவில்லை. அங்கே இளம் இலைகள் மஞ்சளாகவும் நரம்புகள் பச்சையாகவும் இருந்ததால் இரும்புச்சத்துக் குறை என்று எண்ணி, ஒரு லிட்டருக்கு 5 கிராம் வீதம் இரும்பு சல்பேட் கரைத்து ஒவ்வொரு சதுரத்திலும் பாதியில் மட்டும் தெளித்தோம். மூன்று நாளில் இரண்டு சதுரங்களின் பாதிகள் பசுமையாயின, மற்ற இரண்டில் மாற்றமே இல்லை. அங்கேதான் மதியம் தட்டுக் கழுவுகிறார்கள், சோப்பு நீர் தேங்குகிறது என்கிறார்கள் சிலர். இல்லை, கட்டட வேலையின்போது அங்கே சுண்ணாம்பு கொட்டிக் கிடந்தது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டையும் கரும்பலகையின் முதல் பத்தியில் எழுதியாகிவிட்டது. மூன்றாம் பத்தி இன்னும் காலியாக இருக்கிறது.